பாட்டிலில் தண்ணீர் சாயவில்லை

நவ. 2, ஞாயிறு

காலை நல்ல வெயில். இட்லி மாவு பொங்கி வழிந்து பிரிட்ஜ் முழுக்க நாசம். துடைக்க நேரமில்லை. இவர் ஒரே அவசரம். பைலட் லைசென்ஸ் கிடைத்த பிறகு முதல் முறையாகப் பெண்டாட்டியை ஏற்றுகிறாராம். சாலை பஜாரில் பெயிண்ட் மொத்தக் கடை வைத்திருப்பவருக்கு நாற்பது தாண்டி வந்த ஆசை.

விமானப் பயிற்சி கிளப்பின் சின்ன விமானம். உள்ளே கார் அளவுதான் இடம். பொன்முடி மலை வரை போய்த் திரும்புவது திட்டம். பயிற்சி கொடுத்த மலையாளி கேப்டன் என் முன்னாலேயே சொன்னார்: "மலை மூடியிருந்தா அப்போ தன்னே திரும்பணும், கேட்டோ." இவர் சிரித்தார். "மொட்டை மாடியில நின்னு பாத்துட்டாக்கும் சார் வாறேன்." கரமனை வீட்டு மொட்டை மாடி வானத்தை நம்பி மலைக்குப் போகிற ஆள்.

கல்லாறு வரை அழகு. ஆற்றோரக் கடைகளின் நீலத் தார்ப்பாய்கூடத் தெரிந்தது. பிறகு மேகம். நடுவில் ஒரு இடைவெளி, அதில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்றார். புகுந்ததும் மூடிக்கொண்டது. எல்லாப் பக்கமும் வெள்ளை. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல, நேராத்தான் போறோம்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மடியில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். தண்ணீர் சாயவே இல்லை. உடம்பு மட்டும் சீட்டில் அழுந்தியது. காற்றின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று வெள்ளை விலகியது. என் பக்க ஜன்னலில் மரங்கள். கீழே அல்ல, தோளுக்கு நேரே. கிளை கிளையாகத் தெரிந்தன. இவர் "ஐயோ" என்று கத்திக்கொண்டே நிமிர்த்தி மேலே இழுத்தார். பிழைத்தோம். இதற்கு மேல் எழுத வரவில்லை.

திரும்பும்போது காரில் இவர்: "யார்ட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா." சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. பாவமாகத்தான் இருக்கிறது.

நவ. 4, செவ்வாய்

மழை. வாங்க வேண்டியது: புளி, நல்லெண்ணெய். கேக் சொல்ல வேண்டும். மகள் நிவியின் சுடிதார் தையல்காரரிடம் - ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், ப்ளஸ் டூ வந்துவிட்டாள்.

மாலை நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. எல்லாரும் விமானக் கதை கேட்டார்கள். இவர் சொன்னது: "மேகத்தைக் கண்டதும் இவ ஒரே நெலவிளி. பின்ன என்ன செய்ய, திருப்பிட்டேன்." கூடமே சிரித்தது. நாத்தனார், "மதினி, லிஃப்ட்ல ஏறினாலும் இப்படித்தானா?"

நானும் சிரித்து வைத்தேன். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். கத்தியது யார் என்று இவருக்குத் தெரியாதா? இரண்டு நாள் முன்பு பாவப்பட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அதோடு விடவில்லை. "ஞாயித்துக்கெழம நிவியைக் கூட்டிட்டுப் போறேன். அவ என் மோளாக்கும், பேடிக்க மாட்டா." பயப்பட மாட்டாளாம். கைதட்டல். நிவி துள்ளிக் குதித்து அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நவ. 5, புதன்

விட்டு விட்டு மழை. பிரிட்ஜ் நாற்றம் போகவில்லை.

காலை தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அத்தான், நிவி வேண்டாம்."

"அது ஒரு தடவை ஆயிப்போச்சு. இனி வராது."

"ஏன் வராது?"

"வராதுன்னா வராது." கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நிவியிடம் போக வேண்டாம் என்றேன். "அம்மாக்கு எல்லாத்துக்கும் பேடி" என்றாள். உன் அப்பா பொய் சொல்கிறார் என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் மானத்தையும் நான்தான் காப்பாற்ற வேண்டும். பிள்ளையையும் நான்தான்.

நவ. 6, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கிளப்புக்கு. கேப்டன் எழுந்து நின்றார். "சேச்சி, பேடி மாறியோ? சார் பறஞ்ஞு." பயம் தெளிந்ததா என்று கேட்கிறார். ஆக, அங்கேயும் அதே கதை.

முழுவதும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே கேள்வி. "வெளிய வந்தப்போ மரம் எவிடே?" தோளுக்கு நேரே கையை நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

தண்ணீர் ஏன் சாயவில்லை என்று கேட்டேன். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கினால் தண்ணீரும் நாமும் அதோடு சேர்ந்தே சாய்வோமாம். உள்ளே எல்லாம் நேராகத்தான் தோன்றுமாம். உடம்பை நம்பக் கூடாது, எதிரே உள்ள கருவிகளைத்தான் பார்க்க வேண்டும். அது பழகாதவர் மேகத்துக்குள் போகவே கூடாது. "கொஞ்சம்கூடி தாமசிச்சிருந்தா, சேச்சி..."

மறுபடி பயிற்சி எடுக்காமல் இவருக்கு விமானம் கிடையாது என்றார். என் பெயரைச் சொல்ல மாட்டாராம். போனதே இரண்டு பேர். வேறு யார் பெயரைச் சொல்வார்? தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

வரும் வழியில் ஆட்டோவை பேக்கரியில் நிறுத்திக் கேக் சொல்லிவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

இன்றும் மழை. மாமியாருக்கு மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

கேப்டன் போன் செய்துவிட்டார். இவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "காட்டிக் குடுத்துட்டல்லா" என்றார்.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"புதன்கிழம சொன்னேனே. நீங்களும் அந்த மேகத்துக்குள்ளதான அத்தான் இருந்தீங்க?"

நிவி அழுகை. இந்த முறை அவளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிவியைப் பார்த்தார். "அப்பா ஒண்ணும் அப்படி இல்ல, அம்மா சும்மா பறயாதீங்க." போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவ. 9, ஞாயிறு

ஒரு துண்டு மேகம் இல்லை. நாலு நாள் கொட்டிய மழை இன்றைக்கென்று பார்த்து ஓய்ந்திருக்கிறது. கிழக்கே மலை துல்லியம்.

நிவி கேக் வெட்டினாள். அப்பாவுக்கு ஊட்டினாள், பாட்டிக்கு ஊட்டினாள், கையைத் துடைத்துக்கொண்டாள். நானே ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். நல்ல கேக்தான்.

மாமியார் துணி உலர்த்திக்கொண்டே, "எப்படிப்பட்ட வெயிலு. பிள்ளைக்க ஆசையைக் கெடுத்துட்டியே மக்ளே" என்றார். ஆமா அத்தை என்றேன். பக்கத்தில்தான் இவர். எல்லாம் கேட்டது. பேப்பரைப் புரட்டினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

நிவி அறைக்குள் பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறாள். என்னை எரிச்சல்படுத்தத்தான். குறைக்கச் சொல்லி மாமியார் இரண்டு தடவை கத்தியாயிற்று. நான் சொல்லவில்லை. அலறட்டும்.