எந்த வரியில இருக்க?

மச்சான்,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் லூர்து உன் தகரப் பெட்டியைத் திறந்தாள். மேலே இரண்டு வேட்டி, காது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுகள். அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றி ஆறேழு முழம் கயிறு. பிரித்தவுடன் உப்பும் தேங்காய் நாருமாக ஒரு வாசனை வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாசனை மிஞ்சியிருக்குமா, என் மூக்கு தானாகக் கற்பனை செய்துகொண்டதா, தெரியவில்லை. ஒரு முனையில் என் இடது மணிக்கட்டு அளவுக்கு நீ போட்ட வளையம் அப்படியே இருந்தது. நுழைத்துப் பார்த்தேன். கை போகவில்லை. நான் பெருத்துவிட்டேன்.

"இது எதுக்குண்ணே இவ்வளவு பத்திரமா?" என்று லூர்து கேட்டாள். உன் மனைவி என்றாலும் எனக்கு அவள் கூடப்பிறந்த தங்கைதானே. தங்கையிடம் இத்தனை காலம் மறைத்ததை அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன். அப்போது நடந்ததை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். நீயும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நீ எட்டாவதோடு பையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சங்கு குளிக்கப் போய்விட்டாய். நான் உன் வீட்டில் உங்கள் இருவரோடும் தங்கி, துறைமுகக் கிடங்கில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். நிரந்தரமாக வேண்டுமென்றால் கிடங்கு விதிகள் என்று ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். மூன்று வாய்ப்புதான். இரண்டில் தோற்றிருந்தேன். மூன்றாவதும் போனால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

அந்தப் புத்தகத்தை நீ பார்த்திருக்கிறாய். இங்கிலீஷில், முந்நூறு பக்கம். ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் நீ இரண்டு தடவை முங்கி எழுந்துவிடலாம். வினைச்சொல் வந்து சேரும்போது எழுவாய் யாரென்று மறந்து போயிருக்கும். நான் புத்தகத்தை விரித்து உட்காருவேன். இரண்டாவது வரியில் மனசுக்குள் வேலை நிரந்தரமாகிவிடும். மூன்றாவது வரியில் பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள் வாங்கிவிடுவேன். பக்கம் புரளும், எதுவும் தலைக்குள் போயிருக்காது. முட்டாளாக இருந்தாலாவது ஆறுதல் உண்டு. எனக்குப் புத்தி இருந்தது, அது வீட்டில் தங்காது.

தற்காலிக ஆட்களுக்கு வருஷத்தின் நடுவே ஒரு மாதம் வேலை கிடையாது. அந்த மாதம் நான் உன் வள்ளத்துக்கு வந்தேன். சங்கு குளிக்கிறவனுடைய இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். எந்த அண்ணன் தம்பியும் தன் தங்கை அக்காளை விதவையாக்க மாட்டான் என்ற நம்பிக்கை. கல்லைப் பிடித்து நீ கீழே போவாய். நாலு தடவை ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றில் ஒரு இழுப்பு வரும். நான் கயிற்றை வாரி இழுத்து உன்னை மேலே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை. உலகத்திலேயே சலிப்பான வேலை என்று அன்று நினைத்தேன்.

ஒருநாள் என் சட்டைப் பையில் ஒரு காகிதம். யாரும் கேட்டு வராத சரக்கை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், யாருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், எப்போது ஏலம் விடலாம் என்ற விதியை எழுதி வைத்திருந்தேன். நீ முங்கினாய். நான் காகிதத்தை எடுத்தேன். வீட்டில் இரண்டு வரி நிற்காத என் புத்தி, அந்த நேரம் பார்த்து அதில் ஒட்டிக்கொண்டது. கையில் ஏதோ ஆடியது. அலை என்று விட்டுவிட்டேன். மறுபடி ஆடியது. பக்கத்தில் இன்னொருவருக்குக் கயிறு பிடித்திருந்த பெரியவர் கத்தினார்.

"ஏலே, கயிறுல! கயிறு!"

வாரினேன். நீ வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் மூச்சு வாங்கினாய். பிறகு என்னையும், என் காலடியில் கிடந்த காகிதத்தையும் பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எங்கனல போயிருந்த?" என்றாய்.

மச்சான், அந்தக் கேள்வி இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

கரைக்கு வரும் வழியில், "லூர்துக்குத் தெரிய வேண்டாம். வள்ளத்துல முகம் இடிச்சுட்டுன்னு சொல்லிக்கிடுதேன்" என்றாய். நான் தலையாட்டினேன். இரண்டு நாள் லூர்து என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். அன்றிரவு உனக்கு வந்த காய்ச்சலை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கோவில் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் இந்தக் கயிற்றோடு என் அறைக்கு வந்தாய். "கயிறு பிடிக்கவும் ஒனக்கு வரல, படிக்கவும் வரல. ஒண்ணாவது வரட்டும்" என்று சொல்லி, வளையத்தை என் மணிக்கட்டில் மாட்டினாய். மறுமுனையை வாசல் திரைக்கு அடியில் விட்டு அடுத்த அறையில் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாய்.

"நான் இழுத்தா எந்த வரியில இருக்கன்னு சத்தமா சொல்லணும். சொல்லத் தெரியலேன்னா அந்தப் பக்கத்தை முதல்ல இருந்து வாசி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் இழுப்பு வந்தபோது நான் பச்சை சைக்கிளில் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். "பதினேழாம் விதி, நாலாவது வரி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பொய். முதல்ல இருந்து."

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா, எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சத்தம் பிந்தி வந்துச்சு. கயித்துல பொய் சொல்ல முடியாதுல."

முதல் நாள் ஒரே பக்கத்தை ஒன்பது தடவை வாசித்தேன். இரண்டாம் நாள் ஆறு. போகப் போக இழுப்பு வருமோ வருமோ என்ற பயத்தில் வரியை விடாமல் பிடித்திருந்தேன். அப்புறம் பயமும் போய்விட்டது. அந்தப் புத்தகம் கடைசிவரை எனக்குச் சுவாரசியமாகவில்லை. சுவாரசியமாகிவிட்டது என்று யாரும் கதைவிட வேண்டாம். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் எனக்காக விழித்திருக்கிறான் என்பது தெரிந்தது. அதனால் நானும் இந்தப் பக்கம் இருந்தேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு நம்பியதில்லை. அதற்கு நான் கொஞ்சமும் தகுதியில்லாதவனாக இருந்த வாரத்தில்தான் நீ நம்பினாய்.

ஒன்று மட்டும் கவனித்திருந்தேன். சில நாள் இழுப்பு பலமாக இருக்கும், கூடவே உன் குரலும் வரும். சில நாள் மெதுவாக வரும், குரல் வராது. நான் வரியைச் சொல்லுவேன், பதில் இருக்காது, தப்பென்றால் இன்னும் இரண்டு தடவை மெதுவாக ஆடும். கடலில் அலைந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தேறினேன். கேட்டு வராத சரக்கைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. அதற்கு நான் எழுதிய விடையில் ஒரு எழுத்துகூடப் பிழை இருந்திருக்காது. அந்த விதி எனக்கு ஏன் மறக்காது என்று உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் லூர்திடம் சொல்லி முடித்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பெட்டிக்குள் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"அன்னைக்குச் சாயந்தரமே அவுக சொல்லிட்டாவ. ரெண்டு நாள் ஒன் மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு இருந்தேன். அவுகதான் சொன்னாவ, ஒங்க அண்ணன் புத்தி ஒரு இடத்துல நிக்கும்னு அன்னைக்குத்தாம் தெரிஞ்சுது, அதை வீட்டுக்குக் கொண்டாந்துட்டா பய தேறிருவான்னு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவுக பாயில தலைய வச்சா ஒறங்கிருவாவ. காலையில கடலுக்குப் போறவுகல்லா. கயித்த என் கையில குடுத்துட்டுத்தாம் ஒறங்குவாவ. பாதி நாள் இழுத்தது நாந்தாம்ணே. ஒரு எழுத்து எனக்குத் தெரியாது. சத்தம் பிந்தி வந்தா இழுன்னு சொல்லித் தந்திருந்தாவ."

எவள் தாலியை நான் அந்தக் காகிதத்துக்காக ஒரு நிமிஷம் மறந்தேனோ, அவள்தான் மறுமுனையைப் பிடித்திருந்தாள். மச்சான், எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. இந்த வயதில், தங்கைக்கு முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

கயிற்றை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அது உங்கள் இருவருடைய கயிறு. இந்த மடலைக்கூட உன் வீட்டில், அதே அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வளையத்தில் நான்கு விரல்தான் நுழைகிறது. நுழைத்து வைத்திருக்கிறேன். மறுமுனை திரைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

முன் பத்தியை எழுதிவிட்டு வெகு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நீ விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது கண் முன்னால் நின்றது. அப்போது விரல்களில் மெதுவாக ஒரு இழுப்பு வந்தது.

"எங்கனண்ணே இருக்க?" என்று அடுத்த அறையிலிருந்து லூர்து கேட்டாள்.

"இங்கனதாம்மா இருக்கேன்" என்றேன். சத்தம் பிந்தாமல் சொன்னேன்.