மாடிக்குப் போகும் வழி

12-1-2025, ஞாயிறு

வீட்டு விஷயமாக இந்த நோட்டில் வரிசையாக எழுதப்போவது:

1. இந்த வயதில் ஏன் வீடு தேடுகிறோம்.
2. தருமபுரியில் பார்த்த வீடு.
3. விலை ஏன் இவ்வளவு குறைவு. ஏதோ கோளாறு இருப்பதால்தான்.
4. அதைக் கண்டுபிடிக்க நான் செய்யும் சோதனைகள்.
5. முடிவு. (வேண்டாம் என்பதாகவே இருக்கும்.)

முதல் இரண்டையும் இன்றே எழுதிவிடுகிறேன். மாரண்டஹள்ளியில் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருக்கும் வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஓசூரில் மகன் பிரபாகரின் ஃபிளாட்டுக்குப் போகலாம். ஆனால் மனைவி பானுமதி, "இனிமே ஒருத்தர் சொல்லி நாம எந்த வூட்டையும் காலி பண்ணப்படாதுங்க" என்கிறாள். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது மிகக் குறைவு.

வீடு: பள்ளிவாசலுக்குப் பின்னால் குறுகிய தெரு. 1936-இல் கட்டிய இரண்டடுக்கு. கீழே வீட்டுக்குச் சொந்தக்காரரான ரஹமத் பீவி என்ற அம்மாள் தனியாக இருக்கிறார். மாடி மட்டும் விலைக்கு. தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர், ஆளுயர ஜன்னல்கள். அந்தத் தெருவில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. பானு அதற்குள் பீரோவுக்கு இடம் பார்த்துவிட்டாள்.

19-1, ஞாயிறு

கோளாறு தெரிந்துவிட்டது. முதல் தடவை புரோக்கர் எங்களைக் கூட்டிப்போன வழியேதான் எப்போதும் வழி; மாடிக்குத் தனிப் படிக்கட்டு இல்லை! ரஹமத் பீவியின் கூடத்தைக் கடந்து, அவர் சமையலறையை ஒட்டி நடந்து, பின்முற்றத்திலிருந்து ஏற வேண்டும். பால் வாங்கப் போனாலும் இன்னொருவர் வீட்டின் நடுவேதான் போய்வர வேண்டும். என்னால் முடியுமா? இன்றைக்கே கூடத்தில் ஒரு முறை, சமையலறையருகே ஒரு முறை, முற்றத்தில் ஒரு முறை "வரலாங்களா?" என்று கேட்டேன்.

"ரயில் மாதிரி ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கிறீங்களே சார்" என்றார் அந்த அம்மாள்.

போனில் பிரபாகர்: "தனிப் படி இல்லாத வூட்ட எவன்ப்பா வாங்குவான்? அதான் முன்னாடி வந்த நாலு பேரும் ஓடிட்டாங்க." நாலு பேர் வந்ததைச் சொன்னவர் புரோக்கர். ஓடியதாகச் சேர்த்துக்கொண்டவன் இவன். ஆனாலும் சரியாகத்தான் இருக்கும்.

2-2, ஞாயிறு

மொட்டைமாடி ஒழுகுகிறதா என்று சோதித்தேன். பத்துக் குடம் தண்ணீர். ஊற்றிவிட்டு, கீழே அறைக்குள் போய் உத்தரங்களை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

முற்றத்தில் அலறல். தண்ணீரெல்லாம் தூம்பு வழியாக இறங்கி, ரஹமத் பீவி காயவைத்திருந்த மிளகாய் மீது கொட்டியிருக்கிறது. ஒரு வருடத்து மிளகாய். முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன் — ஊற்றும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லையே!

"வானத்துல ஒரு மேகங்கூட இல்ல, மழ எங்கிருந்துடா வந்துதுன்னு பாத்தா, வாத்தியாரு பேஞ்சிருக்காரு!"

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை என்று நினைவில்லை. சாயங்காலம் வரை பழைய வேட்டிகளில் ஒவ்வொரு மிளகாயாகத் துடைத்து, பெரியது சிறியது பிரித்துப் பரப்பினேன். நடுவில் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். பானுவும் அவரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

3-2

கண் இன்னும் எரிகிறது. கூரை நல்ல கூரை.

16-2, ஞாயிறு

கூரை நல்லதென்றாலும் தனிப் படி இல்லாத வீடு வேண்டாம் என்று சொல்லிவிட இன்று போனோம். பஸ்ஸில் பானு எனக்கு முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

ரஹமத் பீவியின் மகள் ஷாஜியா பாப்பாரப்பட்டியிலிருந்து வந்திருந்தாள். நான் தாளை எடுப்பதற்குள் அந்த அம்மாள் தொடங்கிவிட்டார்.

"முன்னாடி நாலு பேரு வந்தாங்க சார். நாலு பேருக்கும் நாந்தான் இல்லன்னுட்டேன். ஒருத்தர், நாங்க போறப்ப வாரப்ப நீங்க உள் ரூம்ல இருந்துக்கங்கன்னாரு. இன்னொருத்தர், ஒங்களுக்கப்புறம் கீழ் வூடு யாருக்குன்னு கேக்கறாரு, டீய கையில வெச்சிக்கிட்டே! என் வூட்டு நடுவால நடக்கப் போறவங்க. நாலு பேர வரவெச்சிப் பாத்துத்தான பொறுக்கி எடுக்கணும்? அதான் வெலையக் கொறச்சேன்."

"மொளகா காயவெச்ச அன்னிக்கே அம்மா உங்களுக்குப் பாஸ் போட்டுட்டாங்க சார்" என்றாள் ஷாஜியா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஐந்து வாரமாக டார்ச்சும் நோட்டுமாக அந்த வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது நானல்லவா? அப்படித்தானே நினைத்திருந்தேன்?

"ஆனா ஒண்ணு. குடி வந்தப்புறம் வரலாமா, போலாமான்னு கேக்கப்படாது. எனக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கும்."

பானு சொன்னாள்: "அது நடக்காதுங்கக்கா. இவரு எங்கூட்டு அடுப்படிக்கே கேட்டுக்கிட்டுத்தான் வருவாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையிலிருந்த தாளை நினைத்தேன். பத்திரப் பதிவை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். என் குரல்தானா அது?

திரும்பும்போது பாலக்கோடு வரை பானு பேசிக்கொண்டே வந்தாள்.

20-3, வியாழன்

பதிவு முடிந்தது. ரஹமத் பீவிக்கு நோன்பு. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் எப்படிக் குடிப்பது என்று நானும் டீயைத் தவிர்த்தேன். "நோன்பு எனக்குத்தான சார்" என்று திட்டு வாங்கினேன்.

16-4, புதன்

சித்திரை பிறந்து மூன்றாம் நாள். பால் காய்ச்சினோம். பானு முதல் டம்ளரைக் கீழே கொண்டுபோனாள். ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை.

பிரபாகர் ஓசூரிலிருந்து ஒரு வெல்டரோடு வந்திருந்தான். சந்துப் பக்கம் இரும்புப் படி, அவனுடைய பரிசாக. "யாரையும் தொந்தரவு பண்ணாம நேரா மேல ஏறிக்கலாம்ப்பா." வெல்டர் டேப்பைப் பிரித்து அளக்கத் தொடங்கிவிட்டார்.

கீழே முற்றத்தில் பானுவின் குரலும் அந்த அம்மாளின் குரலும் மாறி மாறிக் கேட்டன. எது யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை.

"வேண்டாம்" என்றேன். பிரபாகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம்ப்பா. படி இருக்கே." வெல்டருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம்.

முதல் நாள் எழுதியதில் மூன்றாவது குறிப்பு தவறு. விலை குறைந்ததற்கு எந்தக் கோளாறும் காரணமில்லை. அந்த அம்மாள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.