ஞானத்தகப்பன் சொன்ன பிராசஸர்

பிப்ரவரி 1, ஞாயிறு

இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது. காலைப் பூசையில் பிரசங்கம் நடக்கும்போது, பாட்டுப் புத்தகத்துக்குள் செல்போனை வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு வீடியோ பார்த்தேன். ஃபாதர் மன்னிப்பைப் பற்றி ஏதோ சொல்லி ஒரு கணம் நிறுத்தினார். அந்த அமைதியில் என் மடியிலிருந்து ஒரு குரல்: "பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணவே பண்ணாதீங்க நண்பர்களே." சாந்தோமே திரும்பிப் பார்த்தது. என் மனைவி வெரோனிகா எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய், அங்கே இருந்த குடும்பத்தோடு சேர்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். மகள் சான்ட்ராவுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு அனிமேஷன் கம்பெனி சோதனை வேலை கொடுத்திருக்கிறது. ஒரு நிமிடப் படம். இருபத்து மூன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. அவளுடைய காலேஜ் லேப்டாப்போ கொஞ்ச நேரம் ஓடினாலே மூச்சு வாங்கிப் படுத்துவிடுகிறது. ஐம்பதாயிரத்துக்குள் பாகம் பாகமாக வாங்கி நாமே ஒரு கம்ப்யூட்டர் பூட்டிவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும்? டியூப்லைட் மாட்டத் தெரியும். அதிலும் ஸ்டார்ட்டர் வெரோனிகாதான் மாட்டுவாள்.

பிப்ரவரி 3

கிளிஃபர்டுக்கு போன் செய்தேன். வெரோனிகாவின் அண்ணன், ஞானஸ்நானத்தில் சான்ட்ராவை ஏந்திய ஞானத்தகப்பன், கே.கே. நகர்வாசி. அவளுக்குப் பெயர் வைத்தது, பள்ளிக்கூடம் பார்த்தது, எங்கள் வீட்டு மிக்ஸி வரை அவர் சொன்னதுதான். "ஏ.எம்.டி. பிராசஸர் மாப்ள. கண்ண மூடிக்கினு வாங்கு" என்றார். பிராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளையாம். மூளையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் ஆபீசில் ஆள் எடுப்பதே அப்படித்தான்.

பிப்ரவரி 4

வீட்டுக்காரர் ரகுபதி சார் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். செய்தி எப்படிக் கீழே இறங்கியதோ. இன்டெல்லைத் தவிர எதையும் நம்பாதீர்கள் என்றார். அதிலும் மதர்போர்டு, அதாவது எல்லா பாகங்களும் ஏறி உட்காரும் பலகை, அவர் சொல்லும் கடையில்தான் எடுக்க வேண்டுமாம். மார்ச்சில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 7

திரையில் படத்தை ஓட்ட கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டும் என்கிறது ஒரு வீடியோ. வேண்டாம் என்கிறது இன்னொன்று. வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம் என்கிறது மூன்றாவது. ரேம் விலை போகிற போக்கைப் பார்த்தால் தி. நகர் நகைக்கடையில் எடைபோட்டு வாங்க வேண்டியிருக்கும். ஒன்றும் புரியவில்லை. எது புரியவில்லை என்பதும் புரியவில்லை.

பிப்ரவரி 8

அண்ணன் பேச்சைத் தட்டினால் ஈஸ்டருக்கு எந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போவது என்று வெரோனிகா கேட்டாள். சரி, அண்ணன் பேச்சைக் கேட்டால் மார்ச்சுக்குப் பிறகு எந்த வீட்டில் இருப்பது?

வெங்காயம் உரிக்கும்போது வழி பிறந்தது. ஞானஸ்நான விருந்தில் என்ன செய்கிறோம்? கேக் ஒருவர், சட்டை ஒருவர், மெழுகுவர்த்தி ஒருவர். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பில்லை. அப்படியே இதற்கும் — மூளை கிளிஃபர்ட், பலகை ரகுபதி சார், பெட்டி வெரோனிகா. (வெள்ளை நிறம், திரைச்சீலைக்குப் பொருத்தமாக. உள்ளே கலர் விளக்கு சுற்ற வேண்டும்.) என் ராஜதந்திரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சான்ட்ரா ஏதோ சொல்ல வந்தாள். நீ படத்தைப் போடும்மா, இதெல்லாம் டாடி பார்த்துக்கறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 14

ரிச்சி தெரு. பிராசஸரை கிளிஃபர்டுக்குத் தெரிந்த கடையிலும், பலகையை ரகுபதி சாருக்குத் தெரிந்த ஹனீஃபா பாய் கடையிலும் வாங்கினேன். இரண்டு இடத்திலும் அவரவர் பெயரைச் சொன்னதும் டீ வந்தது. வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சின்ன ஃபிரிட்ஜா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்னவென்று விளக்க எனக்குத் தெரிந்தால்தானே.

பிப்ரவரி 15

பொருந்தவில்லை.

பிராசஸரின் அடியில் முள் முள்ளாக இருக்கிறது. பலகையில் அதை வைக்கும் இடத்திலும் முள் முள்ளாக இருக்கிறது. முள்ளும் முள்ளும் எப்படிச் சேரும்? சம்பந்திகள் மாதிரி ஆரம்பத்தில் முறைத்துக்கொள்ளும், அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கட்டைவிரலை வைத்தேன். "டாடி, கைய எடுங்க" என்றாள் சான்ட்ரா. சத்தமாகக்கூட இல்லை.

ஏ.எம்.டி. மூளை இன்டெல் பலகையில் உட்காராதாம். இதுகூடத் தெரியாம என்னத்தப் பார்த்துக்கறேன்னு சொன்னேன் நான்? ஒரு வாரம்தான் இருக்கு. புள்ள உள்ள ரூம்ல என்ன பண்றாளோன்னு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்ல.

பிப்ரவரி 16

கிளிஃபர்ட் பலகைதான் தப்பு என்கிறார். ரகுபதி சார் பிராசஸர்தான் தப்பு என்கிறார். இரண்டும் சரி. அதுதான் என் நிலைமை.

ராத்திரிச் சாப்பாட்டில் சான்ட்ரா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "யார் கோச்சுக்குவாங்க, யார் கோச்சுக்குவாங்கன்னு பார்த்துப் பார்த்து வாங்கினீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே டாடி."

வெரோனிகா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்க அதில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17

லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். பை தூக்க. ஹனீஃபா பாய் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா சார், பிராசஸர் இன்னான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றார். நான் அன்று வாடகையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

பேசியதெல்லாம் சான்ட்ராதான். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, அது இருக்கட்டும். இப்போதைக்குத் தனி கார்டு வேண்டாம். அதற்குப் பொருந்தும் பலகை. நான் வாங்கிய ஒரே ரேமுக்குப் பதிலாக ஜோடியாக இரண்டு. விளக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கறுப்பாக ஒரு சாதாரணப் பெட்டி; மிச்சப் பணத்துக்கு நல்ல பவர் சப்ளை. பாய் கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்காரர் கேட்டால் என்னம்மா சொல்வது என்று காதோரம் கேட்டேன். "அவர் கம்ப்யூட்டர்ல அவர் போர்ட போட்டுக்கட்டும் டாடி."

எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பெருமையாகவும்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

சான்ட்ராவே எல்லாவற்றையும் பூட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டாள்; நெற்றியில் சாம்பலோடு மூவரும் நின்று பார்த்தோம். திரையில் வெளிச்சம் வந்தது. தவக்காலம் முடியும்வரை எந்த வீடியோவும் பார்ப்பதில்லை என்று விரதம் எடுத்திருக்கிறேன். வெரோனிகா, ஆயுசுக்கும் எடுத்துக்கொள்ளலாமே என்றாள்.

பிப்ரவரி 22

அவள் அறைக்கதவு மூடியே இருக்கிறது. காப்பியை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 23

அனுப்பிவிட்டாள்.

மார்ச் 3

தேனாம்பேட்டையிலிருந்து போன். எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தே வேலை. வெரோனிகா அழுதாள், நான் அழவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

ரகுபதி சார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்தே போயிருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

கிளிஃபர்ட் வந்தார். சான்ட்ராவின் மேஜை முன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கறுப்புப் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, நான் அன்றைக்கே சொன்னேன் பார் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். மகன் கல்யாண ஆல்பமாம். போன வருஷமே ஸ்டூடியோக்காரர் கொடுத்ததாம். இன்னும் ஒரு போட்டோகூடப் பார்க்கவில்லையாம். ஏன் மச்சான், வீட்டிலேயே போட்டுப் பார்த்திருக்கலாமே என்றேன்.

"எங்க வீட்ல கம்ப்யூட்டர் எப்ப இருந்துச்சு மாப்ள?"