பக்கத்து நம்பர்

மார்ச் 4, செவ்வாய்

மதிப்பீட்டு அறிக்கை வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றபடியே போனில் திறந்து படித்தேன். என் பழைய பட்டத்தின் ஒவ்வொரு பாடத்தையும் இந்த ஊர்ப் பாடத்தோடு ஒப்பிட்டு, எதற்கு எத்தனை கிரெடிட் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர் மூன்று வருஷப் பட்டம் இந்த நாட்டில் முழுப் பட்டம் ஆகாது. அந்தக் குறையை நிரப்பத்தான் இரண்டு வருஷம் வேலை முடித்து மாலை வகுப்புக்கு ஓடினேன். இப்போது பழையதும் புதியதும் சேர்ந்து நூற்றைம்பத்தொன்று. நூற்றைம்பது போதும். கணக்காளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டுக்காரர் போனில், "அப்பாடா, இனிமே நீ கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். என் கையெழுத்து பேங்க்லயே செல்லாது" என்றார்.

போனை வைத்துவிட்டு மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கட்டாயப் பாடங்கள், மூன்றாவது வரி: ஆடிட்டிங் — பழைய பட்டத்திலிருந்து ஏற்கப்பட்டது. மதிப்பெண் அறுபத்து மூன்று.

எத்தனை பாடத்தைத் தள்ளினார்கள். அதையும் தள்ளியிருக்கக் கூடாதா?

மார்ச் 5, புதன்

முதலாளியிடம் அறிக்கையைக் காட்டினேன். ஜூலையிலிருந்து தணிக்கை அறிக்கைகளில் என் கையெழுத்தும் வரும் என்றார். "உங்களை மாதிரி நிதானமான ஆளை நான் பாத்ததில்லை. ஒரு கட்டுப் பேப்பர் குடுத்தா நாலு தடவை எண்ணிட்டுத்தானே பின் அடிப்பீங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் ஏன் எண்ணுகிறேன் என்று முதலாளிக்குத் தெரிந்தால்?

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

கல்லூரியில் என் பதிவெண்ணுக்கு முந்தியது அவளுடையது. அவளுக்கு நான் பக்கத்து நம்பர், எனக்கு அவள் பக்கத்து நம்பர். மூன்று வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு ஆடிட்டிங் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "வவுச்சரைப் பாக்காதடி, வவுச்சரை நீட்டறவன் மூஞ்சியைப் பாரு" என்பாள்.

கடைசிப் பரீட்சை ஆடிட்டிங். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். கூடுதலாக வாங்கிய தாள்களை அடுக்கி நூல் கோத்துக் கட்ட வேண்டும். மின்விசிறிக் காற்றில் எங்கள் இருவர் தாள்களும் தரையில் விழுந்தன. இருவரும் குனிந்து அள்ளினோம். கூடுதல் தாளில் பதிவெண் கிடையாது, மேற்பார்வை மேடத்தின் சுருக்கொப்பம் மட்டும்தான் இருக்கும். அவள் தாள் ஒன்று என் கட்டில் கலந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

நான் தொடாமல் விட்ட இரண்டு பெரிய கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தது. எனக்கு அறுபத்து மூன்று வந்தது. அவளுக்கு முப்பத்தொன்று. நாற்பது எடுத்தால்தான் பாஸ்.

மார்ச் 10, திங்கள்

நேற்று எழுதியதை இப்போது படித்தேன். நான் கவனிக்கவில்லையாம். கவனிக்காதவளுக்கு அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்தவன் கணக்கில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

பார்த்தேன். எங்கள் கையெழுத்து ஏறக்குறைய ஒரே மாதிரி; ஆனால் அவள் தலைப்புக்கு இரட்டைக் கோடு போடுவாள், நான் போடமாட்டேன். அதைப் பார்த்துவிட்டு நாலு பக்கமும் புரட்டினேன். அவள் மேசைக்கு அடியில் தேடுவதும் கண்ணில் பட்டது. மணி அடித்தது. முடிச்சுப் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வாடிக்கையாளர் ஒருவரின் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை. எட்டாவது அடுக்கில் நிற்கும்போது பின்னாலிருந்து, "எண்ணிப் பாத்தியாடி?" என்று கேட்டது. அவளுடைய அதே குரல், லேசாக ஜலதோஷம் பிடித்த மாதிரி. திரும்பினால் பெட்டிகள். முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. மறுபடி எட்டாவது அடுக்கு வந்தபோது கேட்டுவிடுமோ என்று எண்ணுவதை நிறுத்திக் காத்து நின்றேன். கேட்கவில்லை. கேட்காதது அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரே மூச்சில் பாஸ் பண்ணினால் ஆடிட்டர் ஆபீஸில் சேர்த்துவிடுவேன், இல்லாவிட்டால் வந்திருக்கும் வரன்தான். ரிசல்ட் வந்த மூன்றாம் மாதம் கல்யாணம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இருபத்திரண்டு வருஷமாகக் குறுகுறுக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஆடிட்டிங்கை இங்கே மறுபடி படித்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எடுத்துப் பேசிய பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவை கிரெடிட் கிடையாதுங்க. பழசை எடுத்தாத்தான் புதுசு ஏறும். எடுக்கணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. உரிம வாரியத்துக்கும் ஒரு காப்பி போகும்."

சத்தம் போடாமல் படித்து முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வழியில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, "செத்த பாம்பை ஏன் அடிக்கறே? விண்ணப்பத்துல நன்னடத்தைன்னு ஒரு பக்கம் இருக்குல்ல, அதுல இது போய் உக்காந்துக்கும். உரிமமே கெடைக்காமப் போயிடும்" என்றார்.

அவர் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் பாம்பு சாகவில்லையே.

மார்ச் 30, ஞாயிறு

வகுப்புத் தோழிகளின் வாட்ஸாப் குழுவில் அவள் இருக்கிறாள். படம் வைக்கவில்லை, சாம்பல் வட்டம்தான். யாருக்கும் பதில் போட்டதில்லை. ஆறு முறை எழுதி ஆறு முறை அழித்தேன். ஏழாவது அனுப்பிவிட்டேன்: 'ஆடிட்டிங் பரீட்சையில் உன் தாள் ஒன்று என்னிடம் வந்தது. தெரிந்தேதான் கட்டினேன்.'

ஏப்ரல் 2, புதன்

பார்த்துவிட்டாள். 

ஏப்ரல் 3, வியாழன்

பதில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"தெரியும்டி. நாலு தாள் வாங்கினேன், கட்டும்போது மூணுதான் இருந்துச்சு. ஹால் வாசல்ல நின்னேன். நீ வந்து சொல்லுவே, ரெண்டு பேரும் மேடத்துக்கிட்டப் போயிடலாம்னு. நீ பின்பக்கப் படியில எறங்கிப் போயிட்ட. நான் போயி சொல்லியிருந்தா உன்னை மூணு வருஷம் பரீட்சை எழுத விட்டிருக்க மாட்டாங்க. நாளைக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு இருந்தேன். அப்புறம் ரிசல்ட் வந்துடுச்சு."

ஆபீஸ் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அய்யோ, அவ நின்னுருக்கா. நான் படியில ஓடறப்ப அவ வாசல்ல நின்னுருக்கா.

ஏப்ரல் 5, சனி

மன்னித்துவிடு என்று அனுப்பினேன். வந்தது வேறொன்று. "அப்பா இன்னும் இருக்கார். எண்பத்தொண்ணு ஆகுது. இப்பவும் வீட்டுக்கு யார் வந்தாலும், 'இவதான் ஒரு பேப்பர்ல கோட்டை விட்டவ'ன்னு சொல்லித்தான் என்னைக் காட்டுவார். அவருக்கு எழுது. பேப்பர்ல, கையெழுத்தோட."

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு கடிதமும் தபாலில் போட்டாயிற்று. மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் பதினோரு வரி, அரை மணி நேரத்தில் முடிந்தது. அவள் அப்பாவுக்கு எழுத மூன்று நாள் ஆனது. அப்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போனால் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவேன். 'ஐயா' என்று தொடங்கினேன், ஒட்டவில்லை. 'அப்பா' என்று எழுதக் கை கூசியது. கடைசியில் விளிக்காமலே தொடங்கிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

அவளிடமிருந்து: "அப்பா படிச்சார். கண்ணாடியைத் தொடைச்சுட்டு இன்னொரு தடவை படிச்சார். 'நீ ஏன் சொல்லலை?'ன்னு என்கிட்ட கேட்டார். உன்னைப் பத்தி எதுவும் கேக்கலை."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அவர் திட்டினால் ஆறும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. என்ன ஆசை பார்.

ஜூன் 20, வெள்ளி

திருத்திய அறிக்கை வந்தது. ஆடிட்டிங் வரி இல்லை. நூற்று நாற்பத்தெட்டு. தகுதி இல்லை. வாரியமும் எழுதியிருக்கிறது: பாடத்தை முடித்த பின் விண்ணப்பிக்கலாம், என் கடிதத்தை அப்போது பரிசீலிப்பார்கள், எந்த உறுதியும் தர முடியாது.

முதலாளியிடம் காரணத்தோடு சொன்னேன். மென்று முழுங்காமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஜூலைப் பொறுப்பைப் புதிதாக வந்தவரிடம் கொடுத்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. மாலையில் நான் பின் அடித்து வைத்த கட்டை எடுத்து, விரலில் எச்சில் தொட்டு, அவரே ஒரு முறை எண்ணினார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆடிட்டிங் முதல் வகுப்பு. இருப்பவர்களில் நான்தான் மூத்தவள், வாத்தியாரையும் சேர்த்து. சேர்ந்துவிட்டேன் என்று அவளுக்கு ஒரு வரி போட்டேன். பார்த்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

வகுப்பில் வவுச்சர் பற்றி வாத்தியார் ஒரு மணி நேரம் பேசினார். அவள் ஒரு வரியில் சொல்லியிருப்பாள். பாதியில் எழுந்து வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். அவள் என்னைச் சும்மா விட்டாலும் நான் அவளை விடுவதில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மதிய இடைவேளையில் ரிசல்ட் பார்த்தேன். நூற்றுக்கு அறுபத்தொன்று, பாஸ். இரண்டு கேள்வி தெரியவில்லை, வெறுமையாக விட்டுவிட்டு வந்திருந்தேன். வாரியத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தருவார்களோ மாட்டார்களோ.

இவரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தால், அதற்குள் சாம்பல் வட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"எவ்ளோ?"

அறுபத்தொன்று என்று போட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"நான் எழுதியிருந்தா எழுபதுக்குக் கொறைஞ்சிருக்காது."

ஆமாம் என்று எழுதினேன்.