கரையில் நின்ற கார்

1996 நவம்பர் 14, வியாழன்

என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது. ரொறன்ரோத் துறைமுகத்தில் எடுத்த அந்தத் தானியக் கப்பலின் படம் 1960க்கு முந்தியது என்று இன்று காலை நூதனசாலைக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டில்தான் கம்பனி தன் கப்பல்களின் புகைபோக்கிகளுக்கு வெள்ளைப் பட்டை அடித்தது. படத்தில் பட்டை இல்லை. அவ்வளவுதான் என் சாட்சி. கண்காட்சி அட்டை மத்தியானமே அச்சுக்குப் போய்விட்டது.

பின்னேரம் மேசையில் கிடந்த பிரதியை மனைவி எடுத்துப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, கரையிலை நிக்கிறது எங்கட முதல் காரெல்லே?”

“சும்மா இரும். உது பழைய படம்.”

“எத்தினை விண்டர் பின்னுக்கு நிண்டு தள்ளினனான்! உந்தப் பின்லைட்டை எனக்குத் தெரியாதே?”

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அதே மொடல்தான். எழுபத்தாறுக்கு முன் அந்தக் கார் வரவே இல்லை. இந்த ஒரு கப்பலுக்கு மட்டும் பட்டை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள், சோம்பேறிகள்!

நாளைக்கு என்ன முகத்தோடு போய்ச் சொல்வது? மூன்று கிழமையாகப் புகைபோக்கியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அந்தக் காரை ஆறு வருடம் ஓட்டினவன் நான். தள்ளினவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.