வாரத்துக்கு விட்ட கோழி

கண்டி
1874ஆம் வருஷம் ஆவணி 12

அன்பும் மரியாதையும் மிக்க அத்தானுக்கு வடிவு எழுதிக்கொள்வது.

இங்கே நான், நடராஜா அண்ணன், அண்ணி எல்லோரும் சுகம். கோழிகளும் சுகம். மடுல்கெல்லக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று இரண்டு கடிதங்களில் கேட்டுவிட்டேன். கோப்பி எப்படிக் காய்த்திருக்கிறது என்றுதான் பதில் வருகிறது. கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தால் மனுஷர் இப்படித்தான் ஆகிவிடுவார் போலிருக்கிறது.

அண்ணன் கடையிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு நாளைக்குச் செல்லச்சாமி வண்டி உங்கள் தோட்டத்துக்கு வருகிறது. அதில் என் பெட்டைக்கோழி கறுப்பியை அனுப்புகிறேன். குஞ்சிலிருந்து என் கையில் அரிசி தின்று வளர்ந்தவள். தினம் கருவாட்டைச் சுட்டே நீங்கள் சாப்பாட்டை முடிப்பதாகக் கேள்வி. ஒரு முட்டையாவது கிடைக்கட்டும். அடைக்கு உட்கார்ந்தால் ஒற்றைப்படையாக முட்டை வையுங்கள். கூடையில் வைக்கோலுக்கு அடியில் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் போட மறக்க வேண்டாம். மலையில் இடி அதிகம், வெறுமனே வைத்தால் எல்லாம் கூமுட்டையாகிவிடும்.

தோட்டத்து வீட்டில் இன்னோர் அறை கட்டியதும் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இப்போது எனக்கு முன்னால் அவள் வருகிறாள். பொறாமையாகத்தான் இருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

உங்கள்
வடிவம்மா


மடுல்கெல்ல
புரட்டாசி 3

அன்புள்ள வடிவுக்கு,

கறுப்பி பத்திரமாக வந்து சேர்ந்தாள். மலையேற்றம் முழுவதும் செல்லச்சாமி அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம். வந்த நாலாம் நாள் என் பேரேட்டுப் பெட்டிக்குள் முட்டை போட்டாள்.

ஆனால் நான் விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணப் போனால், கோப்பிக்கொட்டை கழுவி முடித்து வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடுகிறது. பகலில் அவளைப் பார்க்க ஆள் இல்லை. இரண்டு தடவை கீரி வந்துவிட்டது. கூலிகள் குடியிருக்கும் லயங்களில் கடைசி லயத்தில் வீரம்மா என்று ஒரு கோப்பிப்பழம் பறிக்கிறவள் இருக்கிறாள். கோழி வளர்ப்பில் கைராசிக்காரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். கறுப்பியை அவளிடம் வாரத்துக்கு, வளர்ப்புக்குக் குஞ்சில் பங்கு என்று, விடலாமா? கோழி உன்னுடையது, அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு
ராஜலிங்கம்


கண்டி
புரட்டாசி 20

அன்புள்ள அத்தானுக்கு,

கீரிக்குக் கொடுப்பதைவிட வீரம்மாவுக்குக் கொடுக்கலாம். விடுங்கள். ஆனால் வாரமென்றால் அதன் முறைப்படி நடக்க வேண்டும். தாய்க்கோழி எனக்கு. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்து மேயத் தொடங்கியதும் சரிபாதி. முதல் குஞ்சை நம் பக்கத்தில் எடுக்க வேண்டும், அடுத்தது அவள், இப்படி மாறி மாறி. வாசலில் வைத்துப் பக்கத்து ஆள் ஒருவர் பார்க்கப் பிரியுங்கள். அப்போதுதான் பிறகு பேச்சு வராது.

அந்த வீரம்மா எப்படிப்பட்டவள், எத்தனை வயது, புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று எழுதவில்லையே? கோழியைக் கொடுப்பவள் விசாரிப்பது வழக்கந்தான்.

இங்கே வெள்ளைச் சேவலுக்குத் திமிர் கூடிவிட்டது. கோயில் மணி அடித்தால் போதும், போட்டிக்குக் கூவுகிறது. குட்டைப்பெட்டை அண்ணன் கடை அரிசி மூட்டைக்குள் திருட்டுத்தனமாகப் பதினொரு முட்டை போட்டு வைத்திருந்தாள். அண்ணி கத்திய கத்தில் வாடிக்கைக்காரர் இருவர் பயந்து போய்விட்டார்கள். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உங்கள்
வடிவம்மா


மடுல்கெல்ல
கார்த்திகை 25

அன்புள்ள வடிவுக்கு,

நல்ல செய்தி. கறுப்பி ஒன்பது குஞ்சு பொரித்தாள். ஒன்றைப் பருந்து கொண்டுபோயிற்று. மீதி எட்டை நீ சொன்ன முறைப்படியே வாசலில் வைத்துப் பிரித்தோம். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். உன் பங்கு நாலும் இந்த வண்டியில் வருகின்றன.

வீரம்மா புருஷனை இழந்தவள். உன் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டாள். குஞ்சுகளுக்குக் கண்ணில் கொப்புளம் வந்தபோது வீரம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினாள், மூன்றே நாளில் தெளிந்துவிட்டன. பருந்து வட்டமிட்டால் வீரம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுகிறாள், நிழல் தரையில் ஓடுவதை வைத்து. அடைக்கூடையில் கரித்துண்டோடு ஒரு காய்ந்த மிளகாயும் போட வேண்டும் என்பது வீரம்மா சொல்வது. உனக்கும் உபயோகப்படும் என்று எழுதினேன். உங்க வீட்டம்மா கோழி, குறை வராமப் பாத்துக்கிறேன் என்று வீரம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
ராஜலிங்கம்


கண்டி
மார்கழி 2

அன்புள்ள அத்தானுக்கு,

நாலு குஞ்சும் வந்தன. நல்ல குஞ்சுகள்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் எத்தனை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. என் முற்றத்துக் கோழிகளெல்லாம் “பா, பா” என்ற குரலுக்கு விழுந்தடித்து ஓடிவரும். இவை நாலும் வேலியோரம் நின்று கத்துகின்றன. கடைசியில் செல்லச்சாமிதான் சொன்னான்: “அந்தப் புள்ள நாக்கால டொக்கு டொக்குனு தட்டுது தாயி. அந்தச் சத்தத்துக்குத்தான் இதுக வரும்.” என் கறுப்பியின் குஞ்சுகளை என் முற்றத்தில் கூப்பிட, யாரோ ஒருத்தியின் நாக்கை நான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. தட்டிப் பார்த்தேன், வரவில்லை.

போன கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். அதில் வீரம்மா ஐந்து இடத்தில் வருகிறாள். நான் ஒரே இடத்தில் வருகிறேன், அதுவும் மேலே, கடிதம் யாருக்கு என்று போடும் இடத்தில். மிளகாய் போடும் சங்கதி எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் வண்டியோடு வருகிறேன். ஒரே அறையாக இருந்தால் என்ன, நான் என்ன யானையா?

உங்கள்
வடிவம்மா


மடுல்கெல்ல
1875ஆம் வருஷம் தை 10

அன்புள்ள வடிவுக்கு,

இப்போது வர வேண்டாம். மழையில் பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடக்கிறது. லயங்களில் காய்ச்சல். கோப்பி இலைகளில் மஞ்சள் பொடி பிடித்து, துரை எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். நீ வந்தால் உன்னோடு பேசக்கூட எனக்கு நேரம் இருக்காது.

கறுப்பி மறுபடி அடைக்கு உட்கார்ந்துவிட்டாள், பதின்மூன்று முட்டை. லயத்தில் குளிர் அதிகம் என்று கூடையை நம் அடுப்படிக்கே கொண்டுவந்து வைத்தாயிற்று. மற்றக் கோழிகளும் இங்கேதான் அடைகின்றன. விடியற்காலையில் அடுப்பு எரியும்போது கறுப்பி கூடைக்குள்ளிருந்து முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு
ராஜலிங்கம்


கண்டி
மாசி 15

அத்தானுக்கு,

என் முற்றம் காலியாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை வெள்ளைச் சேவல் கூவவில்லை. போய்ப் பார்த்தால் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெள்ளையாய்க் கழிந்துகொண்டு நின்றது. ஆறு நாள். பதினேழு உயிர். உள்ளிப்பூண்டும் மிளகும் அரைத்துக் கொடுத்தேன், மோரில் மஞ்சள் கலந்து கொடுத்தேன். குட்டைப்பெட்டை நேற்று என் மடியிலேயே போனாள். நீங்கள் அனுப்பிய நாலும் போய்விட்டன. கடைசி நாளில்தான் அவற்றில் ஒன்று என் குரலுக்கு வந்தது.

கோழிக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்கிறாள் அண்ணி. காலையில் எழுந்தால் எனக்கு என்று திறந்துவிட அந்தக் கூடுதானே இருந்தது. நீங்கள் போன பிறகு என்னைத் தேடி ஓடிவந்தவை அவைதானே.

கறுப்பி பொரித்திருப்பாள். என் பங்கைப் பிரித்து அடுத்த வண்டியில் அனுப்புங்கள். கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

வடிவம்மா


மடுல்கெல்ல
பங்குனி 9

அன்புள்ள வடிவுக்கு,

கோழிகள் செத்தது வருத்தம். இங்கே பன்னிரண்டு பொரித்தன, ஒன்றுகூடச் சேதமில்லை. அடுப்படி முழுவதும் அவற்றின் ராஜ்யந்தான், காலடி வைக்க இடமில்லை. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். வீரம்மா ஒரு சேவலை அடித்து மிளகுச்சாறு வைத்துக் கொடுத்து எழுப்பிவிட்டாள்.

குஞ்சுகளை இன்னும் பிரிக்கவில்லை. இப்போது பிரிக்க என்ன அவசரம்? எல்லாம் ஒரே இடத்தில்தானே மேய்கின்றன. பிறகு பார்க்கலாம்.

கோப்பி பூத்து மலையே வெள்ளையாகக் கிடக்கிறது.

இப்படிக்கு
ராஜலிங்கம்


கண்டி
பங்குனி 25

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

கார்த்திகையில் எட்டுக் குஞ்சை வாசலில் வைத்துக் கங்காணி பார்க்கப் பிரித்தீர்கள். பங்குனியில் பன்னிரண்டு குஞ்சு, பிரிக்க என்ன அவசரம் என்கிறீர்கள். வாரக்கோழி வளர்ப்பவள் வீட்டில்தான் அடையும். கறுப்பி உங்கள் அடுப்படியில் அடைகிறாள். இதையெல்லாம் நீங்களே உங்கள் கையால் எழுதினீர்கள். எனக்கு யாரும் கோள் சொல்லவில்லை.

நீங்கள் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவரில்லை, அதனால் தெரியாமல் எழுதிவிட்டீர்கள். ஒரே உலையில் சோறு வேகும் வீட்டில் யாரும் வாரம் பிரிப்பதில்லை, அத்தான். புருஷனும் பெண்சாதியும் யாருக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணுவதில்லை.

செல்லச்சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். வண்டிக்காரனிடம் புருஷனைப் பற்றி விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களிடமே கேட்கிறேன். அவள் சமைத்துப் போட்டு, அவள் உங்கள் காய்ச்சலைப் பார்த்து, அவள் அடுப்பு மூட்டும் சத்தத்தில் நீங்கள் கண் விழிக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். ஆமென்றால் ஆமென்று எழுதுங்கள். எதை எழுதினாலும் உண்மையை எழுதுங்கள், அதற்கு மேல் நான் யோசித்துக்கொள்கிறேன்.

வடிவம்மா


மடுல்கெல்ல
1875ஆம் வருஷம் சித்திரை 12

வடிவுக்கு,

உன் கடிதம் கண்டு மிகவும் வருத்தப்பட்டேன். நாலு எழுத்துப் படித்த பெண் ஒரு கோழிக்காக இவ்வளவு தூரம் யோசிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

வீரம்மா கூலிக்காரி. கோழிக்காக வருகிறாள், போகிறாள். அவளுக்கும் எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. என் தராதரம் உனக்குத் தெரியாதா? பங்கு பிரிக்காததற்குக் காரணம் நீ நினைப்பதல்ல. அவளுக்குக் கேட்க வாய் கிடையாது, கேட்காதவளுக்கு எதற்குக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன். உனக்கு நிம்மதியில்லை என்றால் இரண்டு குஞ்சைத் தூக்கிக் கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை எழுது, போதும். வெளியே தெரிந்தால் துரையிடம் என் பெயர் கெடும். அண்ணனிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்படிக்கு
ராஜலிங்கம்


கண்டி
வைகாசி 1

வீரம்மாவுக்குக் கண்டியிலிருந்து வடிவம்மா எழுதுவது.

இந்தக் கடிதத்தைச் செல்லச்சாமி உன் கையில் கொடுப்பான். உனக்கு வாசிக்கத் தெரியாது. தோட்டத்தில் உனக்கு வாசித்துச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரே வாசிக்கட்டும். வாசிப்பவரே, ஒரு வரிகூட விட வேண்டாம். வீரம்மா, அவர் நடுவில் நிறுத்தினால் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள். மடுல்கெல்லக் கடையில் எழுத்தறிந்தவர் இருக்கிறார், செல்லச்சாமி கூட்டிப் போவான்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். எட்டு மாதமாக உன்னை நினைத்து எரிந்திருக்கிறேன். பருந்தின் நிழலைப் பார்க்கும் உன் கண்மேல், நாக்கைத் தட்டிக் கூப்பிடும் உன் சத்தத்தின்மேல், மிளகுச்சாற்றின்மேல்கூட எனக்குப் பொறாமை. நான் கேட்காமலே செல்லச்சாமி நேற்றுச் சொன்னான், தை மாதமே உன் லயத்து அறைக்கு வேறு குடும்பம் குடிவந்துவிட்டதென்று. அவன் போன பிறகு வெறும் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

குஞ்சுகளைப் பிரிக்காததால் அவர் உன்னை வீட்டுக்காரியாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். பங்கு கேட்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதானே? நீயும் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள்தானே. ஆனால் அவர் என்ன நினைத்தார் என்பதை அவரே எனக்கு எழுதியிருக்கிறார். சித்திரை 12ஆம் தேதிக் கடிதம் இதோடு வைத்துத் தைத்திருக்கிறேன். இதை வாசித்து முடித்ததும் அதையும் அவர் வாசிப்பார். அவர் கையெழுத்து, அவருக்குத் தடுமாறாது.

ஒரு வார்த்தை எழுது, அவளைப் போகச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். எழுதுவதற்கு உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்கிறேன், பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். உன்னை இரண்டு குஞ்சோடு அனுப்பக்கூடியவர் நாளைக்கு என்னை எத்தனை குஞ்சோடு அனுப்புவார் என்று அப்போது தோன்றியது. அந்த வார்த்தையை நான் எழுதவில்லை.

கறுப்பி என்னுடையவள். அவளைச் செல்லச்சாமியிடம் கொடுத்தனுப்பு. பன்னிரண்டு குஞ்சும் உன்னுடையவை, என் பங்கை நான் விட்டுவிட்டேன். வாசலில் வைத்து, கங்காணி பார்க்க எண்ணி வாங்கிக்கொள். பிறகு அங்கேயே இருப்பதோ போவதோ உன் இஷ்டம். அங்கேயிருந்து வேறு எதையும் யாரையும் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று.

அவர் அந்தக் கடிதத்தை உனக்கு வாசிக்கும்போது கோழிகளைப் பார்த்துக்கொண்டிருக்காதே. அவர் முகத்தைப் பார். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உன்மேல் எனக்கு மிச்சமிருக்கும் பொறாமை அது ஒன்றுதான்.

வடிவம்மா