பொழுதுபோக்கு: சமையல், பாட்டு

ஜனவரி 8

என் வாயாடிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! நாலு வருஷமாக நடையாய் நடந்தது வீண் போகவில்லை. என்னோடு லிஃப்ட் மாட்டுகிற வெல்டருக்கு இன்னும் வரவில்லை. இரண்டு நாளாக அவன் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

இனிமேல் உன் கையில்தான் இருக்கிறது. மார்ச் பன்னிரண்டாம் தேதி தூதரகத்தில் உனக்கு நேர்காணல். பொய்க் கல்யாணம் செய்து ஆள் அனுப்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். அதனால் நாம் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா என்று பார்ப்பதற்குக் குடும்பம், பூர்வீகம், பொழுதுபோக்கு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். நான் விண்ணப்பத்தில் எழுதியதும் நீ வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்ட்டிடம் எல்லாம் சொல்லி நிரப்பிக் கொடுத்தாயிற்று. நகல் இத்துடன் இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள். உன்னைப் பற்றிய பகுதி சின்னதுதான். “மனைவி வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். பொழுதுபோக்கு: சமையல், பாட்டு. தாய் இருக்கிறார். தந்தை காலமாகிவிட்டார். உடன்பிறந்தவர் இல்லை.” எவ்வளவு சுலபம், பார்!

போனிலேயே சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா ரிசீவரை உன்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று காதைத் தீட்டிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு நாள் உன் வாய்க்குப் பூட்டுப் போடு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

உன்,
லிஃப்ட்டுக்காரன்


ஜனவரி 20

அன்புள்ள லிஃப்ட்டுக்காரருக்கு,

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நான் குதித்த குதியில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்துவிட்டாள். “என்னடி, பல்லி கில்லி விழுந்துடுச்சா?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நகலைப் பிரித்தேன். யாருங்க இந்தப் பெண்? உங்களுக்கு வேறு எங்காவது இன்னொரு மனைவி இருக்கிறாளா? இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், நேர்காணலுக்கு அவளையே அனுப்பிவிடலாம். அவளுக்குத்தான் சரியாக வரும்.

நான் வீட்டைக் கவனித்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். வேலையில் சேர்ந்த அன்றே எழுதினேன். எங்கள் வீட்டில் சமையல் அம்மாவுடையது, என்னை வெந்நீர் வைக்கக்கூட விடமாட்டாள். பாட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பாடி எப்போது கேட்டீர்கள்? நான் வாயைத் திறந்தால் எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். என் பொழுதுபோக்கு டேபிள் டென்னிஸ். கடைக்குப் பின்னால் இருக்கிற மன்றத்தில் தினமும் ஒரு மணி நேரம் விளையாடுகிறேன். போன வருஷம் இரண்டாவதாக வந்து, கோப்பையும் கையுமாகப் படம் எடுத்து அனுப்பினேன். “இளைத்துவிட்டாய், நன்றாகச் சாப்பிடு” என்று பதில் எழுதினீர்கள்.

இதெல்லாம் போகட்டும். சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். ஆனால் என் அப்பா காலமாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஸ்டூல் மேல் ஏறி எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். உயிரோடு இருக்கிற மனுஷனைக் கொன்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உடனே திருத்துங்கள், ப்ளீஸ்.

உங்கள்,
வாயாடி


பிப்ரவரி 1

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷமாக நாலு வார்த்தை எழுதுவாய் என்று பார்த்தால் குற்றப்பத்திரிகை அனுப்பியிருக்கிறாய்.

ஏஜென்ட்டிடம் போய்க் கேட்டேன். “திருத்தணும்னா இதை ரத்து பண்ணிட்டுப் புதுசா போடணும் சார். ஒன்றரை வருஷம் ஆகும். பரவாயில்லையா?” என்கிறான். பரவாயில்லை என்று எந்த வாயால் சொல்வது, நீயே சொல்.

உன் அப்பா விஷயத்தில் என் மேல் என்ன தப்பு? பெண் பார்க்க வந்தபோது உன் மாமாதான் சொன்னார், “பொண்ணுக்கு அப்பா இல்லை” என்று. கல்யாணத்திலும் அவரைப் பார்க்கவில்லை. இல்லை என்றால் இல்லை என்றுதானே எவனும் எடுத்துக்கொள்வான்? அப்புறம் அவர் வந்தார் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

எழுதினேனே என்பாய். அம்மா தாயே, நீ எழுதுவது கடிதமா? ஒவ்வொன்றும் ஒரு புத்தகம். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்றுவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும். முதல் பக்கத்தில் சுகமா என்று பார்ப்பேன், கடைசிப் பக்கத்தில் சுகமா என்று பார்ப்பேன். இரண்டும் சரியாக இருந்தால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவேன். இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆனால் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் குடைகிறாயே, உனக்கு மட்டும் என்னைப் பற்றி என்ன தெரியுமாம்? என் பொழுதுபோக்கு என்ன, சொல் பார்ப்போம். நகலைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

லிஃப்ட்டுக்காரன்


பிப்ரவரி 12

அன்புள்ள உங்களுக்கு,

நகலில் உங்கள் பொழுதுபோக்கு “தொலைக்காட்சி, செய்தித்தாள்” என்று இருக்கிறது. அது ஏஜென்ட்டுடையதாக இருக்கும். நீங்கள் விடுமுறை நாளில் ரயில்வே பாலத்தின் மேல் போய் நிற்பீர்கள். கீழே சரக்கு ரயில் போனால் பெட்டிகளை எண்ணுவீர்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால் அன்றைக்கு முழுக்க உர்ரென்று இருப்பீர்கள். ஊரில் இருந்தபோது உங்கள் அண்ணனோடு சண்டை போட்டு ரொம்ப நாள் பேசாமல் இருந்தீர்கள். பிறகு நீங்களே போய் “சைக்கிள் பம்ப் இருக்கா?” என்று கேட்டு ராசியானீர்கள். உங்களிடம் அப்போது சைக்கிளே கிடையாது. பல்வலி வந்தால் பசியில்லை என்பீர்களே தவிர, பல்வலி என்று சொல்ல மாட்டீர்கள். போதுமா, இன்னும் வேண்டுமா? நீங்கள் எழுதியது எல்லாமே அரைப் பக்கக் கடிதம்தான். அதில் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

முதலும் கடைசியும் பார்ப்பேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடையில் பில் போடுகிற அண்ணன் “என்னம்மா, லென்ஸ் கருகிடப் போகுது” என்று கிண்டல் செய்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

சரி, இந்தக் கடிதத்தின் நடுப் பக்கத்தில் திரும்பவும் எழுதுகிறேன். இதையாவது படியுங்கள்.

நான் நாலாவது படிக்கும்போது என் அப்பா வீட்டை விட்டுப் போனார். பஸ் டிரைவர். வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. ஏன் போனார் என்று அம்மா சொன்னதில்லை, நான் கேட்டால் தட்டைக் கழுவப் போய்விடுவாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் கட்டியிருந்த கண்ணாடியை எடுத்து வைத்தார். பில் அண்ணன் பெயர் கேட்க, சொன்னார். என் அப்பாவின் பெயர். நான் லென்ஸைத் தேய்த்து, புது ஃபிரேமில் போட்டு, நானே எழுந்து வந்து அவர் முகத்தில் மாட்டிவிட்டேன். காது மடலில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “உங்கம்மா மாதிரியே நெத்தி” என்றார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையும் வந்தது.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். அம்மா அவரிடம் பேசுவதில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் காபி ஒரு டம்ளர் கூடுதலாகப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, யாருக்கு என்று சொல்லாமல் போய்விடுகிறாள்.

இதையெல்லாம் அப்போதே எட்டுப் பக்கம் எழுதினேன். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலிலேயே நின்றேன். உங்கள் பதில் வந்தது. “சூட்கேஸ் பூட்டு உடைந்துவிட்டது, அண்ணனிடம் சொல்லி ஒன்று அனுப்பு.” நான்தான் வாங்கி அனுப்பினேன்.

இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த மனுஷரை ஓர் அதிகாரியின் முன்னால் செத்துப்போனார் என்று சொல்லச் சொல்கிறீர்கள். என்னால் முடியாதுங்க.

வாயாடி


பிப்ரவரி 24

என் செல்ல வாயாடிக்கு,

எட்டுப் பக்கம் எழுதினாய் என்கிறாய், இந்தத் தடவை முழுதும் படித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. உன் அப்பா நன்றாக இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்?

ஆனால் நீ கொஞ்சம் என் பக்கத்திலிருந்தும் பார். ஓர் அறையில் ஆறு பேர் படுத்திருந்தவன், நீ வரப்போகிறாய் என்று தனி அறை பார்த்துவிட்டேன். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம் தெரிகிறது. திரைச்சீலை வாங்கினேன், கடைக்காரி என்ன நிறம் என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சை வாங்கிவிட்டேன். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கினேன். வெல்டர் வந்து பார்த்துவிட்டு, “கொடுத்து வைத்தவன்டா நீ” என்றான். தினமும் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அந்த இரண்டாவது தட்டு என்னைப் பார்க்கிறது. எனக்கு நாலு வருஷம் போதும் என்றாகிவிட்டது. இன்னும் ஒன்றரை வருஷம் தாங்க மாட்டேன்.

உன் அப்பாவிடம் வேண்டுமானால் கேட்டுப் பார், அவரே சரி என்பார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை. அதற்கப்புறம் நீ எட்டுப் பக்கத்தையும் வாயாலேயே சொல்லலாம், நான் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். சொல்லிவிடு.

உன்னையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
லிஃப்ட்டுக்காரன்


மார்ச் 13

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் என்னை அசைத்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு தட்டும் பச்சைத் திரையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். அப்பாவிடமும் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நாக்கு கூசியது. அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, “சொல்லிடும்மா. இருந்தும் இல்லாமதானே இருந்தேன் இத்தனை வருஷம். புதுசா என்ன ஆகிடப் போகுது?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து, எனக்குக் கல்யாணமானதற்கு அப்புறம் முதல் தடவையாக என்னை ஓங்கித் திட்டினாள். “உசுரோட இருக்கிற ஆளைச் சாகடிச்சுட்டுப் போய் என்னடி குடித்தனம் நடத்தப்போறே?” என்றாள். அவரை ஆள் என்றாவது சொன்னாளே!

தூதரகத்துக்கு அப்பாவும் வந்தார். வேண்டாம் என்றேன், “குடையைப் பிடிக்கவாவது ஆள் வேணாமா?” என்று கிளம்பிவிட்டார்.

உள்ளே ஒரு அதிகாரியம்மா. தன்மையாகத்தான் பேசினார். உங்கள் அண்ணன், உங்கள் வேலை, எல்லாம் கேட்டார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். என் பொழுதுபோக்கைக் கேட்டார், சமையல், பாட்டு என்றேன். “நல்லா பாடுவீங்களா?” என்றார். சுமாராகப் பாடுவேன் என்றேன். உங்களுக்காக அந்தப் பொய்யையும் கூசாமல் சொன்னேன்.

அடுத்தது அப்பா. “உங்கப்பா தவறி எத்தனை வருஷமாச்சு?” என்று கேட்டார். அதற்கு நீங்கள் பதில் எழுதித் தரவில்லையே! எந்த வருஷம் என்று சொல்வது? எந்த மாதம் என்று யோசிப்பது? வாயைத் திறந்தேன், வேறு எதுவும் வரவில்லை. “வெளியில உட்கார்ந்திருக்கார்ங்க, என் குடையை வச்சிக்கிட்டு” என்றுதான் வந்தது.

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை. “அப்போ இதை யாரும்மா எழுதினது?” என்றார். என் கணவர் என்றேன். “அவருக்குத் தெரியாதா?” என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார். இந்த விண்ணப்பம் செல்லாதாம். ஆறு மாதம் கழித்து நீங்கள் புதிதாகப் போடலாமாம், ஆனால் ஏஜென்ட் கூடாது, உங்கள் கையாலேயே நிரப்ப வேண்டுமாம். என்னைப் பற்றிய பகுதிக்கு இந்தத் தடவை நாலு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்.

வரும் வழியெல்லாம் அப்பா என் குடையை மடியிலேயே வைத்திருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “கெடுத்துட்டேனாம்மா?” என்றார். இல்லை என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து நான் அழுதது உங்களுக்காகத்தான். அந்த அறையை நினைத்து அழுதேன். உங்கள் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் உங்களோடு வந்து, உங்கள் எதிரில் உட்கார்ந்து, அங்கேயும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் மட்டும் கேட்கப்படுகிறவளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டு உங்களிடமிருந்து கடிதம் வரும், தெரியும். நான் பதில் அனுப்பப் போவதில்லை. என்னைப் பற்றி, அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நான் என்ன விளையாடுகிறேன், எதற்குச் சிரிக்கிறேன், எதற்குப் பயப்படுகிறேன் என்பதெல்லாம் நாலு வருஷமாக எழுதி அனுப்பியாயிற்று. எல்லாம் உங்கள் பெட்டியில்தான் இருக்கின்றன. உட்கார்ந்து படித்துவிட்டு நீங்களே நிரப்புங்கள். அதுவரை நான் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி